டிக்கியை விட்டு வெளியே வராத பெட்டி

காரின் டிக்கி மூலையில், பேஸ் ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்ய ராத்திரி பூசிவிட்டுப் போன ஃபைபர் காலையில் கல் மாதிரி காய்ந்திருந்தது. சந்தோஷமாக ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. டேப் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, மரத் துண்டை ஆப்பு மாதிரி செருகி மெல்ல நெம்பினேன். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தது, மறுபடி நின்றுவிட்டது. இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. டெயில் லைட்டுக்குக் கீழே தகடு உள்வாங்கி ஒரு பொந்து மாதிரி இருக்கும். அதற்குள்ளும் நான் கண்ணாடி இழை மேட் வைத்து, காய்ந்தால் கல்லாகிவிடும் ரெசின் பூசியிருந்தேன். பொந்தின் வாய் குறுகல், வயிறு பெரிது. குடத்துக்குள் கையை விட்டு எதையோ மூடிப் பிடித்துக்கொண்ட குரங்கின் கதைதான். குரங்காவது கையை விரிக்கலாம், ஃபைபர் விரிக்காது.

ஹேக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சொந்தக் காரின் டிக்கிக்குள் தலைகீழாகக் குனிந்து, இரண்டு மணி நேரம் அறுத்தேன். பெட்டி இரண்டு துண்டாக வெளியே வந்தது. அதோடு கொஞ்சம் பெயின்டும் வந்தது.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பெட்டிகள் செய்துவிட்டேன். மூன்றாவதுதான் இப்போது காரில் இருக்கிறது. முதல் இரண்டும் கற்றுக்கொடுத்ததை எழுதி வைத்தால், இந்த வேலையில் இறங்க நினைக்கும் ஒருவருக்காவது இரண்டு மணி நேரம் மிச்சமாகும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. ஃபைபர் எதற்கு? எம்.டி.எஃப். என்ற, மர நாரை அழுத்திச் செய்த பலகையில் நான்கு வெட்டு வெட்டி, பசை போட்டு, ஸ்குரூ அடித்தால் ஒரே நாளில் பெட்டி தயாராகிவிடும். சத்தமும் நன்றாகவே இருக்கும். ஃபைபர் பெட்டி என்றால் சத்தம் தனி ரகம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் எட்டரை மீட்டர். அந்த அலைக்கு நம் பெட்டி ஒரு புள்ளி. அது சதுரமா, உருண்டையா, பலாப்பழ வடிவமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது, சுவர் அசையாமல் நிற்கிறதா, எங்காவது ஒழுகுகிறதா, இந்த மூன்று மட்டும்தான் கணக்கு.

எடை குறையும் என்பதும் பாதி உண்மைதான். 18 மி.மீ. எம்.டி.எஃப். ஒரு சதுர மீட்டர் சுமார் பதின்மூன்றரை கிலோ வரும். அதே பரப்பில் 6 மி.மீ. ஃபைபர் ஒன்பது கிலோவை நெருங்கிவிடும். அதன் மேல் பட்டி, உள்ளே வலுவூட்டல், ஸ்பீக்கர் உட்காரும் எம்.டி.எஃப். வளையம் எல்லாம் சேர்ந்தால் பெரிய வித்தியாசம் நிற்காது. உண்மையான லாபம் இடம் மட்டும்தான். வீல் ஆர்ச்சுக்குப் பின்னால் எதையும் வைக்க முடியாத ஒரு மூலை எல்லாக் கார்களிலும் வீணாகக் கிடக்கிறது. சதுரப் பெட்டி அங்கே நுழையாது. ஃபைபர் நுழையும். அந்த மூலை உங்களுக்குத் தேவையில்லை என்றால், பலகையை வாங்கிக்கொண்டு போய் நிம்மதியாக இருங்கள்.

அடுத்தது, மூடிய பெட்டியா, துளையுள்ள பெட்டியா என்பது. எட்கர் வில்ச்சூர் 1954இல் ஏ.ஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தபோது, சிறிய மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். நம் மூலைப் பெட்டிக்கு அந்த வழிதான் ஏற்றது. காரணம் எளிது. துளைக் குழாய் வைத்தால் குழாயின் நீளமும் பெட்டியின் கொள்ளளவும் துல்லியமாகப் பொருந்த வேண்டும். ஃபைபர் பெட்டியின் கொள்ளளவோ செய்து முடித்த பிறகுதான் சரியாகத் தெரியும். மூடிய பெட்டி இரண்டு மூன்று லிட்டர் கூடக் குறைய இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். இன்னொரு வசதியும் உண்டு. காரின் உள்ளறை சிறியது என்பதால் மிகத் தாழ்ந்த ஒலிகளை அதுவே தூக்கிக் கொடுக்கும். மூடிய பெட்டி எந்த இடத்தில் இறங்கத் தொடங்குகிறதோ, ஏறக்குறைய அங்கேயே கார் அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது.

கணக்கு பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. 1961இல் நெவில் தீல் தொடங்கி, 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கிய அளவுகளைத்தான் இன்றும் சப்வூஃபர் கையேட்டில் அச்சடிக்கிறார்கள். அதில் க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்ற இரண்டை மட்டும் பாருங்கள். முதலாவது, கூம்பின் அதிர்வு எவ்வளவு அடங்கி நிற்கிறது என்பதைச் சொல்லும் எண். இரண்டாவது, கூம்பைத் தாங்கும் ஸ்பிரிங்குக்குச் சமமான காற்றின் அளவு. என்னுடைய 10 அங்குல டிரைவருக்கு, அதாவது பெட்டியில்லாத வெறும் ஸ்பீக்கருக்கு, முதலாவது 0.5, இரண்டாவது 30 லிட்டர். வி.ஏ.எஸ்ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூ.டி.எஸ்ஸால் பெருக்கினால் கிடைப்பது க்யூ.டி.சி., பெட்டிக்குள் போன பிறகு டிரைவருக்கு வரும் எண். அது 0.7 அருகே இருந்தால் மேடுபள்ளம் இல்லாத பேஸ். எனக்கு 30 லிட்டர் கிடைத்தால் சரியாக 0.707. மூலையை அளந்து பார்த்ததில் 28 வரும் என்று நினைத்தேன். கடைசியில் 23தான் வந்தது, அதாவது 0.76. காதால் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. 15 லிட்டருக்குப் போனால் 0.87 ஆகிவிடும். பேஸ் கொஞ்சம் கனத்து, ஒரே சுருதியில் முட்டுகிற மாதிரி கேட்கத் தொடங்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

இந்த வேலையில் பாதி, டேப் ஒட்டுவது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. டிக்கியின் கம்பளத்தையும் பிளாஸ்டிக் மூடிகளையும் கழற்றிவிட்டு, தகட்டைத் துடைத்து, மாஸ்கிங் டேப்பை ஓட்டு வீட்டில் ஓடு அடுக்குகிற மாதிரி பாதிக்குப் பாதி ஏறும்படி ஒட்ட வேண்டும். முதல் அடுக்கு நெடுக்கு, இரண்டாவது குறுக்கு. அதன் மேல் அலுமினியத் தாள். அதற்கும் மேல், ரெசின் ஒட்டாமல் இருக்க, ரிலீஸ் மெழுகு. பூசப்போகும் இடத்தைத் தவிர டிக்கி முழுவதும், பின் சீட், பம்பரின் விளிம்பு, தரை எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. ரெசின் ஒரு சொட்டு எங்கே விழக் கூடாதோ அங்கேதான் போய் விழும். பெயின்டின் மேல் விழுந்து காய்ந்த சொட்டு பெயின்டோடுதான் வரும், கம்பளத்தில் விழுந்தது வரவே வராது.

டேப் ஒட்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய ஒன்றைத்தான் முதல் தடவை நான் செய்யவில்லை. பெட்டி எந்தத் திசையில் வெளியே வரப் போகிறது என்று முடிவு செய்து, அந்தத் திசையில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூலையைப் பார்க்க வேண்டும். எந்தப் பரப்பு கண்ணில் படவில்லையோ, அது பெட்டியைப் பிடித்துக்கொள்ளும் பரப்பு. அதை முன்கூட்டியே நிரப்பிச் சமமாக்கிவிட வேண்டும். அரை லிட்டர், ஒரு லிட்டர் இடம் போகும். போகட்டும்.

இரண்டாவது பெட்டியில் இந்தப் பாடத்தை ஒழுங்காகப் பின்பற்றினேன். பொந்தில் தெர்மாகோல் துண்டுகளைச் செருகி, மேலே டேப் ஒட்டினேன். டேப்பில் எங்கோ ஓர் ஊசித் துளை இருந்திருக்கிறது. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைச் சர்க்கரை மாதிரி கரைத்துவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நிரப்பிய இடம் உள்ளுக்குள் குழிந்து, மேட்டும் கூடவே இறங்கி, பழையபடி ஒரு கொக்கி உருவாகிக்கொண்டிருந்தது. நல்லவேளை, பக்கத்திலேயே இருந்தேன். ஈரமாக இருக்கும்போதே பிய்த்து எடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் அட்டையை மடித்து வைக்கிறேன், அல்லது பாலியூரித்தேன் ஃபோம். அதை ரெசின் ஒன்றும் செய்வதில்லை.

இன்னொரு கோணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூலையை விட்டு வந்துவிட்டால் மட்டும் போதாது, டிக்கியின் வாயையும் தாண்டி வர வேண்டும். முன்பக்கம் வைத்து மூடிய பிறகு பெட்டி இன்னும் பெருத்துவிடும். அட்டையில் ஒரு மாதிரி செய்து உள்ளே வைத்து வெளியே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. அதே அட்டையை உள்ளே வைத்துக் கதவை மூடியும் பாருங்கள். பல கார்களில் டிக்கிக் கதவின் கீல் கைகள் வளைந்து உள்ளே இறங்கும். திறந்திருக்கும்போது காலியாகத் தெரிகிற இடம், மூடும்போது அந்தக் கைக்குச் சொந்தமாகிவிடும். எனக்கு இந்த யோசனை வந்தது புத்தியால் இல்லை. முதல் பெட்டிக்கு வளையத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைச் சாத்தியதால்.

இனி ரெசின். நான் பயன்படுத்தியது சாதாரண பாலியெஸ்டர் லேமினேட்டிங் ரெசின், அதோடு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள வெட்டிழை மேட். எப்பாக்ஸி வலுவானது, நாற்றமும் குறைவு. ஆனால் மேட்டின் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. எப்பாக்ஸியில் அது சரியாகக் கரையாது, மேட் வளைவுகளில் விறைத்துக்கொண்டு நிற்கும். எப்பாக்ஸிதான் வேண்டும் என்றால் நெய்த கண்ணாடித் துணிக்குப் போய்விடுங்கள். ஒரு பெட்டியில் இரண்டையும் கலக்காதீர்கள். காய்ந்த எப்பாக்ஸி மேல் பாலியெஸ்டர் நம்பிக்கையாக ஒட்டாது.

ரெசின் இறுகுவதற்குச் சேர்க்கும் ஹார்ட்னர் எம்.இ.கே.பி. என்ற பெராக்சைடு. ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி வரை. நான் 15ஐத் தாண்டுவதில்லை. 25 டிகிரி சூட்டில் அது ஏறக்குறைய இருபது நிமிடம் கையில் நிற்கும். சூடு ஏறினால் நேரம் பாதியாகும். 15 டிகிரிக்குக் கீழே போனால் வேலையைத் தொடங்கவே வேண்டாம், மறுநாளும் பிசுபிசுவென்றுதான் இருக்கும். அவசரத்துக்கு ஹார்ட்னரை அதிகம் ஊற்றுவது எவ்வளவு தப்போ, நேரம் கிடைக்கட்டும் என்று ஒரு சதவீதத்துக்குக் கீழே குறைப்பதும் அவ்வளவு தப்பு. அப்படிக் குறைத்தால் அது கடைசிவரை முழுதாக இறுகாது.

ஒரு தடவை ஒரு கிலோவை மொத்தமாகக் கலக்கிவிட்டு, மேட் வெட்டவில்லையே என்று கத்தரிக்கோலைத் தேடிப் போனேன். திரும்பி வந்தபோது டப்பாவிலிருந்து புகை. ரெசின் இறுகும்போது தானே சூட்டைக் கக்கும். பரப்பிப் பூசியிருந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும், டப்பாவில் குவிந்து கிடந்தால் அதுவே அதை இன்னும் சூடாக்கும். பிளாஸ்டிக் டப்பா உருகி வளைந்துவிட்டது. அதிலிருந்து ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் கலப்பதில்லை. மேட் எல்லாம் முதலிலேயே வெட்டி வரிசையாக வைத்த பிறகுதான் ஹார்ட்னர் பாட்டிலின் மூடியைத் திறக்கிறேன்.

பாதுகாப்பு பற்றி வழவழவென்று எழுத எனக்கும் பிடிக்காது, ஆனால் மூன்று விஷயங்களைச் சொல்லாமல் விட முடியாது. எம்.இ.கே.பி. ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி கட்டாயம். இரண்டாவது, கோபால்ட் கலக்காத ரெசினை வாங்கினால், இறுகுவதை வேகப்படுத்தும் அந்த ஆக்சிலரேட்டரைத் தனி பாட்டிலில் கொடுப்பார்கள். அந்தக் கோபால்ட்டையும் எம்.இ.கே.பி.யையும் நேரடியாக ஒன்றோடொன்று சேரவிடக் கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகுதான் ஹார்ட்னர். ஏற்கெனவே கலந்த ரெசின் கிடைத்தால் அதையே வாங்குங்கள், தொல்லை விட்டது. மூன்றாவது, ஸ்டைரீன் ஆவிக்குத் துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் ஒன்றும் செய்யாது. கரி அடைத்த, கரிம ஆவிக்கான குப்பி உள்ள முகமூடி வேண்டும். காய்ந்த பிறகு தேய்க்கும்போது தூசி மாஸ்க் வேண்டும், இரண்டும் வேறு வேறு. முழுக்கைச் சட்டை போட மறந்த ஒரு நாள் இரவு முழுக்கக் கையைச் சொறிந்துகொண்டிருந்தேன். சொறியச் சொறிய கண்ணாடி இழை இன்னும் உள்ளேதான் போகும்.

காருக்குள் இரண்டே அடுக்குதான் பூச வேண்டும். வடிவம் நிற்க அது போதும். வெளியே எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் மீதி அடுக்குகளைப் போடலாம். முதல் பெட்டியில் ஐந்து அடுக்கையும் காருக்குள்ளேயே பூசினேன். விறைத்துப்போன கனமான ஓடு, கொஞ்சமும் வளைந்து கொடுக்காதது, எப்படி வெளியே வரும்? இரண்டு அடுக்காக இருந்திருந்தால் அந்தப் பொந்தில் சிக்கியிருந்தாலும் முறுக்கி எடுத்திருக்கலாம். காருக்குள் நாற்றமும் இரண்டு வாரம் போகவில்லை.

மேட்டைக் கத்தரியால் நேராக வெட்டாமல் கையால் கிழித்தால் விளிம்பு பிசிறாக இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் மேடு தெரியாது. பரப்பில் முதலில் ரெசின் தடவி, அதன் மேல் மேட்டை வைத்து, பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனைக்க வேண்டும். பெயின்ட் அடிக்கிற மாதிரி இழுத்தால் இழை முழுக்கப் பிரஷ்ஷோடு வந்துவிடும். வெள்ளையாக இருந்த மேட் நனைய நனையக் கண்ணாடி மாதிரி ஆகும். வெள்ளைப் புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே காற்று இருக்கிறது. ரோலரை வைத்து ஓரத்தை நோக்கி அதைத் துரத்துங்கள். கூர்மையான மூலைகளில் மேட் உட்காரவே உட்காராது, எவ்வளவு அழுத்தினாலும் எழுந்து நிற்கும். அங்கே முன்கூட்டியே டேப்பின் மேல் பட்டி வைத்து மூலையை உருட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. மேட்டின் எடையைப் போல இரண்டு மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு ரெசின் கணக்கு. ரெசின் அதிகமானால் வலு அதிகம் என்று தோன்றும். அது தப்பு, வெறும் ரெசின் பிஸ்கட் மாதிரி உடையும். வலு கண்ணாடி இழையில் இருக்கிறது.

யாரும் எனக்குச் சொல்லித்தராமல் தற்செயலாகக் கிடைத்த ஒரு வித்தை. ரெசின் கெட்டியாகி, ஆனால் இன்னும் கல்லாகாமல், பதமான தோல் மாதிரி இருக்கும் ஒரு அரைமணி நேரம் உண்டு. அப்போது கட்டர் கத்தியால் விளிம்பைச் சீவினால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். அதைத் தவறவிட்டால் கிரைண்டர், தூசி, அரிப்பு.

ஒரு அடுக்கு சுமார் ஒரு மி.மீ. தடிமன் தரும். அப்படியானால் எத்தனை அடுக்கு போட வேண்டும்? இதற்கு நான் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன், அதற்குப் பிறகு பெட்டியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. 10 அங்குலக் கூம்பின் பரப்பு சுமார் 340 சதுர சென்டிமீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனால் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் காற்றை அமுக்குகிறது. 23 லிட்டர் பெட்டியில் அது ஏறக்குறைய 2 கிலோபாஸ்கல் அழுத்தம். 40க்கு 50 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு சுவரில் அது சுமார் 40 கிலோ எடை ஏறி நிற்பதற்குச் சமம். அடுத்த நொடிப்பிளவில் அதே அளவு உள்ளே இழுக்கும். 40 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு நாற்பது தடவை இது நடக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மூன்று அடுக்கு போதும் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது. வளைவான இடங்களுக்கு ஐந்து, தட்டையான இடங்களுக்கு எட்டு. அதற்கு மேல் தட்டையின் குறுக்கே ஒரு மரச் சட்டம் வைத்து மேட்டால் மூடிவிட்டால் இன்னும் நல்லது.

முன்பக்கத்துக்கு முதலில் 18 மி.மீ. எம்.டி.எஃப்.பில் வளையம் வெட்ட வேண்டும். ஒன்று டிரைவர் உட்கார, அதன் மேல் இன்னொன்று டிரைவரின் விளிம்பைச் சுற்றி அழகுக்கு. வளையத்தை ஓட்டிலிருந்து குச்சிகளை நட்டு, ஹாட் க்ளூ போட்டு, வேண்டிய கோணத்தில் நிறுத்தலாம். காந்தத்தின் பின்பக்கம் ஓட்டின் சுவரிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். டிரைவரின் காற்றுத் துளை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். குச்சியில் நிற்கும்போது வளையம் முறுகாமல் இருக்கிறதா என்று ஒரு நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். முறுகிய வளையத்தில் டிரைவரை இறுக்கினால் அதன் சட்டமும் சேர்ந்து முறுகும்.

வளையத்துக்கும் ஓட்டின் விளிம்புக்கும் நடுவே ஃப்ளீஸ் துணியை இழுத்துக் கட்டி ஸ்டேப்பிள் அடிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெட்டிக்கு முகம் வருகிறது. இழுத்துக் கட்டிய துணி எப்போதும் உள்வாங்கித்தான் நிற்கும், குதிரைச் சேணம் மாதிரி. வெளியே புடைத்த வடிவம் துணியில் வராது, எவ்வளவு ஆசைப்பட்டாலும். புடைப்பு வேண்டுமானால் அங்கே கீழே ஏதாவது ஒரு விலா எலும்பு வைத்தாக வேண்டும். துணியில் ஒரு சுருக்கம் இருந்தால், பிறகு அது ஒரு மணி நேரப் பட்டி வேலை. அதனால் எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றி இழுத்து அடியுங்கள். ரெசின் துணியின் மறுபக்கம் வரை ஊறியதா என்று உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். மேலே பளபளவென்று இருந்து உள்ளே உலர்ந்த துணியாக இருந்தால் அது வெறும் தோல்.

துணி கடினமானதும் பெட்டி முடிந்துவிட்ட மாதிரி ஒரு மயக்கம் வரும். தட்டினால் டங் என்று ஒலிக்கும். இரண்டாவது பெட்டியில் நான் அந்த மயக்கத்தில் விழுந்து, பட்டி பார்த்து, உப்புத்தாளில் தேய்த்து, பெயின்டும் அடித்து, டிரைவரை மாட்டிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. பாட்டைப் போட்டால் டிரம்முக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. முன்பக்கத்தில் கையை வைத்தேன், சுவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதை வலுவாக்க உள்ளே கை நுழைந்ததெல்லாம் டிரைவர் துளை வழியாகத்தான். பாதி இடத்துக்குக் கை எட்டவில்லை. அழகுக்கு முன்னால் வலுவைப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவதில் வரிசையை மாற்றினேன். துணி இறுகியதும் துளை வழியாகக் கை எட்டிய இடத்தில் எல்லாம் மேட் வைத்தேன். எட்டாத இடத்துக்கு ரெசினையும் பாடி பட்டியையும் சம அளவு கலக்கி, மோர் பதத்துக்குக் கொண்டுவந்து, உள்ளே ஊற்றி, பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துத் திருப்பித் திருப்பி ஓடவிட்டேன். ஒரு தடவைக்கு அரை லிட்டர்தான். அதிகம் ஊற்றினால் பள்ளத்தில் தேங்கிச் சூடேறி விரிசல் விடும். ஃபைபர் ஓடும் துணியும் சேரும் விளிம்பில் வெளியிலிருந்தும் இரண்டு அடுக்கு மேட். அதற்குப் பிறகு தட்டிப் பார்த்தபோது டங் இல்லை, தொப் என்று கேட்டது. அந்தத் தொப் வந்த பிறகுதான் பட்டியைத் தொட்டேன்.

கொள்ளளவை அளக்க, பிளாஸ்டிக் மணிகளை ஒரு லிட்டர் டப்பாவால் அளந்து அளந்து துளை வரை கொட்டினேன். இருபத்தைந்து வந்தது. டிரைவரின் உடம்பு பிடித்துக்கொள்ளும் இரண்டு லிட்டரைக் கழித்தால் 23. தண்ணீர் ஊற்றி அளப்பவர்கள் உண்டு, ஆனால் எம்.டி.எஃப். வளையம் தண்ணீர் குடித்து ஊதிவிடும். உள்ளே பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக அடைத்தால் பெட்டி கொஞ்சம் பெரிதான மாதிரி நடந்துகொள்ளும். இடம் குறைந்துவிட்டதே என்று கவலைப்படுபவர்களுக்கு அது ஓர் ஆறுதல்.

காற்று ஒழுகுவதைத் தேடுவது தனி வேட்டை. டிரைவரை மாட்டி, குறைந்த சத்தத்தில் 30 ஹெர்ட்ஸ் சுருதியைத் தொடர்ந்து ஓடவிட்டு, எல்லா ஓரத்திலும் சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினேன். குமிழி வந்தது நான் சந்தேகப்பட்ட இடத்தில் இல்லை, வயர் இணைக்கும் டெர்மினல் கப்பைச் சுற்றி. கழற்றி, கீழே ஃபோம் டேப் வைத்து, மறுபடி இறுக்கினேன். உள்விளிம்புகளுக்கு சிலிகான் பூசுபவர்கள் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அதன் புளித்த வாடை போன பிறகு டிரைவரை மாட்டுங்கள். அந்த அமில ஆவி உலோகத்தை அரிக்கும், மூடிய பெட்டிக்குள் அதற்குப் போக வேறு இடமும் இருக்காது.

டிரைவரை மரத்திருகாணியால் மாட்டாதீர்கள். எம்.டி.எஃப். இரண்டு தடவை கழற்றி மாட்டினாலே பிடிப்பு விட்டுவிடும். வளையத்துக்குப் பின்னால், மரத்தில் பதிந்து நிற்கும் டி-நட் அடித்து போல்ட்டில் இறுக்குங்கள். அதைத் துணி போர்த்துவதற்கு முன்னாலேயே அடித்திருக்க வேண்டும்.

மேல்பூச்சு பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. பெயின்ட் என்றால் 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை, ஒவ்வொரு பள்ளமும் தெரியும், பல நாள் வேலை. கம்பளம் ஒட்டினால் எல்லாப் பாவத்தையும் மறைக்கும். மூன்றாவதுக்குக் கம்பளம்தான் ஒட்டினேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை.

காரில் பொருத்தும்போது கவனித்தவை சில. கனமான பெட்டி, திடீர் பிரேக்கில் முன்னால் பறக்கும். அதனால் தகட்டில் ஏற்கெனவே இருக்கும் துளைகளைத் தேடி நான்கு போல்ட்டில் பிடித்தேன். புதிதாகத் துளை போட வேண்டியிருந்தால் தகட்டுக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள், பெட்ரோல் குழாய் அந்தப் பக்கமாகத்தான் போகலாம். பல கார்களில் பின் மூலையில் ரப்பர் மடல்கள் வைத்த ஒரு காற்றுப் போக்கி இருக்கும், கதவைச் சாத்தும்போது உள்ளே இருக்கும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். அதைப் பெட்டியால் அடைத்துவிட்டால் கதவு சாத்த மறுக்கும், கண்ணாடியில் பனி மூடும். ஒரு விரல் இடைவெளி விட்டேன். பேட்டரியிலிருந்து ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயருக்கு) வரும் வயரில் ஃப்யூஸ், பேட்டரிக்கு அரை மீட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும், ஆம்புக்குப் பக்கத்தில் இல்லை. வயர் நடுவழியில் தகட்டில் உரசினால் காப்பாற்றப் போவது அதுதான். ஸ்டெப்னியை எடுக்க வழி இருக்கிறதா என்பதைப் பெட்டியைப் பொருத்திய அன்றே, ஜாக்கோடு சேர்த்து, ஒரு தடவை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டேன்.

பொருத்தி ஒன்றரை மாதம் கழித்து அந்தப் பக்க டெயில் லைட் பல்பு போய்விட்டது. பல்பை மாற்றும் வழி, பெட்டிக்குப் பின்னால், அந்தப் பழைய பொந்துக்குப் பக்கத்தில். ஸ்பானரை எடுத்துக்கொண்டு டிக்கியைத் திறந்தேன். நான்கு போல்ட், ஒரு வயர் பிளக். ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், முழுசாக வந்தது.